தட்டின் முதுகு

பிரெஞ்சுப் பழம்பொருள் சந்தையில் தட்டைக் கையில் எடுக்கும் எவரும் முதலில் அதைக் கவிழ்த்துத்தான் பார்க்கிறார்கள். அடியில் முத்திரை இருந்தால் முகம் மலர்கிறது. இல்லாவிட்டால் தட்டு மேசைக்கே திரும்பிவிடுகிறது. இந்த இரண்டு நொடிப் பழக்கம் எனக்கு நெடுநாளாக உறுத்தல். கவிழ்ப்பது சரிதான். கவிழ்த்த பிறகு முத்திரையை மட்டும் பார்த்துவிட்டு நிமிர்த்திவிடுகிறார்களே, அங்கேதான் கோளாறு. எந்த மண், எந்தச் சூளை, எத்தனை சாப்பாடு, எந்தப் பழுது என்று எல்லாமே அந்த முதுகில் கிடக்கிறது. வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அதே முதுகைச் சுவரோடு சேர்த்து ஆணியில் மாட்டிவிடுகிறோம்.

இந்த முரணுக்கு ‘க்யூ நுவார்’ தட்டுகளைவிட நல்ல உதாரணம் கிடையாது. 18ஆம் நூற்றாண்டில் ரூவான் நகரத்திலும் அதைச் சுற்றியுள்ள நார்மண்டி ஊர்களிலும் செய்த அடுக்களைப் பாத்திரங்கள் இவை. உள்பக்கம் பால்வெள்ளை, வெளிப்பக்கம் மாங்கனீசு கலந்த கரும்பழுப்பு. பெயரை நாகரிகம் பார்க்காமல் தமிழாக்கினால் ‘கறுத்த பிட்டம்’. ஏன் இரண்டு நிறம்? சிக்கனம். வெள்ளை மெருகுக்கு, அதாவது சூளையில் கண்ணாடியாக இறுகும் மேற்பூச்சுக்கு, வெள்ளீயம் வேண்டும், அது விலையுயர்ந்த சரக்கு. சாப்பிடுகிறவர் கண்ணில் படும் பக்கத்துக்கு மட்டும் அதைச் செலவழித்துவிட்டு, படாத பக்கத்துக்கு மலிவான காரீய மெருகில் மாங்கனீசைக் கலந்து பூசிவிட்டார்கள். அடுப்புச் சூட்டுக்கும் கரிக்கும் அந்தக் கருப்பு தோதாகவும் இருந்தது. அதாவது இந்தத் தட்டின் பெயர், விலைக்கணக்கு, உபயோகம் மூன்றும் பின்பக்கத்தில்தான் உள்ளன. அலங்காரப் புத்தகங்களில் வரும் சுவர்ப் படங்களிலோ இது வெறும் ‘பழைய வெள்ளைத் தட்டு’.

வெள்ளீயம், காரீயம் என்று பிரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பேச்சுத் தமிழில் இரண்டுமே ஈயம்தான். ரசம் வைக்கிற ஈயச்சொம்பு வெள்ளீயம். நஞ்சு என்று ஒதுக்குவது காரீயம். பழைய பிரெஞ்சு மெருகில் இரண்டும் சேர்ந்தே இருக்கும். மணலை இளக்கிக் கண்ணாடியாக்குவது காரீயம். அந்தக் கண்ணாடியை ஊடுருவிப் பார்க்க முடியாத வெள்ளையாக்குவது வெள்ளீயம். சாப்பிடலாமா, சுவரில் மாட்டலாமா என்ற கேள்வி பின்னால் வரும்போது இது உதவும்.

மூன்று மண்

மூன்று வகை மண்ணைப் பிரித்தறியத் தெரியாமல் சந்தைக்குப் போனால் காசுதான் விரயம். முதலாவது ஃபயான்ஸ். விளிம்பில் சில்லு பெயர்ந்த இடத்தைப் பாருங்கள். உள்ளே மண் காவியாகவோ வெளிர்மஞ்சளாகவோ செங்கல் நிறமாகவோ இருக்கும், அதன் மேல் பாலாடை மாதிரித் தடித்த வெள்ளை மெருகு. ரூவான், நெவேர், மூஸ்தியே, கெம்பேர் ஊர்த் தட்டுகள் எல்லாம் இந்த வகை. இரண்டாவது ஃபயான்ஸ் ஃபீன். இதில் மண்ணே வெள்ளை, மேலே நிறமற்ற கண்ணாடி மெருகு. சில்லுப் போன இடம் சுண்ணாம்புக்கட்டி போல இருக்கும், ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கிரேய், மோந்தரோ, ஜியன், சார்கெமீன் தொழிற்சாலைகளின் சரக்கில் பெரும்பகுதி இதுதான். கனத்த, கெட்டியான வகைகளின் அடியில் ‘தேர் தெ ஃபேர்’, அதாவது இரும்பு மண் என்று அச்சிட்டிருப்பார்கள். பெயரில்தான் இரும்பு, மண்ணில் இல்லை. மூன்றாவது போர்சலின். சில்லு கண்ணாடி உடைந்தது போல வழுவழுப்பாக இருக்கும். பின்னால் டார்ச் அடித்து நடுவில் விரலை வைத்தால் விரலின் நிழல் தெரியும். லிமோஜ் அருகே சேன்-திரியேவில் 1760களின் இறுதியில் வெள்ளைக் கயோலின் மண் கிடைத்த பிறகு அந்த ஊர் இதற்குப் பேர்போனது.

முதல் வகையிலிருந்து இரண்டாவதற்கு நடந்த தாவல்தான் இந்தத் துறையின் பெரிய திருப்பம். ஃபயான்ஸுக்கு வாழ்வு கொடுத்தது ஒரு போர். 1709இல் கஜானா காலியாகி, 14ஆம் லூயி வெள்ளித் தட்டுமுட்டுகளை உருக்க அனுப்பச் சொன்னபோது பிரபுக்கள் வீட்டு மேசைகளுக்கு மண் தட்டு வந்தது. அதைக் கவிழ்த்தது ஒரு வணிக ஒப்பந்தம். 1786இல் இங்கிலாந்தோடு கையெழுத்தான ஈடன் ஒப்பந்தம் இறக்குமதி வரியைக் குறைத்ததும் ஆங்கிலேய வெண்மண் தட்டுகள் வெள்ளமாக வந்தன. அவை மெல்லியவை, எடை குறைந்தவை, விலையும் குறைவு. சுடச்சுட எதை ஊற்றினாலும் ஃபயான்ஸ் போல மெருகு தெறிக்காது. நார்மண்டியிலும் நெவேரிலும் சூளைகள் ஒவ்வொன்றாக அணைந்தன. தாக்குப்பிடித்தவர்கள் ஆங்கிலேய முறையைக் கற்றவர்கள். கிரேய் தொழிற்சாலை 1797இல் தொடங்கியது. 1821இல் ஜியனில் தொழிற்சாலை வைத்த தாமஸ் ஹால் ஆங்கிலேயரேதான். ஆகவே ‘பிரெஞ்சுக் கிராமத்து அழகு’ என்று விற்கப்படும் தூய வெள்ளைத் தட்டு, உண்மையில் இங்கிலாந்துக்குப் பதில் சொல்ல எழுந்த ஆலைச் சரக்கு. இதைச் சொன்னால் கடைக்காரர்களுக்குப் பிடிக்காது.

முத்திரையை எவ்வளவு நம்பலாம்

தொழிற்சாலைப் பெயரை அடியில் பொறிப்பது பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டுப் பழக்கம். 18ஆம் நூற்றாண்டு ரூவான் தட்டில் ஓவியரின் ஓரெழுத்து இருந்தால் உண்டு, பல சமயம் அதுவும் இருக்காது. அதில் முத்திரை எங்கே என்று தேடுவது பாட்டியிடம் பிறப்புச் சான்றிதழ் கேட்பது மாதிரி. மாறாக, தெளிவான பெரிய முத்திரையோடு வரும் ‘பழைய ரூவான்’ தட்டைத்தான் சந்தேகிக்க வேண்டும். வடக்கே தேவ்ர் ஊரில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து ரூவான், நெவேர் பாணிகளைப் பிரதியெடுத்து ஏராளமாகச் செய்திருக்கிறார்கள். பாரிஸில் சம்சோன் நிறுவனம் 1845 முதல் பிரான்சின் செவ்ர், ஜெர்மனியின் மைசன், சீனப் பாத்திரங்கள் என்று எதையும் விட்டுவைக்கவில்லை. நல்ல வேலைப்பாடுள்ள பிரதிகள் இவை. இன்றைக்கு இவற்றுக்கே தனி மதிப்பு உண்டு. மூலத்தின் விலைக்கு வாங்காதவரை நட்டமில்லை.

பின்னிய இரண்டு ‘எல்’ எழுத்துகள், நடுவில் ஓர் ஆண்டெழுத்து. செவ்ர் அரச ஆலையின் இந்த முத்திரைதான் மற்றெதையும்விட அதிகம் போலியாக்கப்பட்டது. அதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 1800இல் பொறுப்புக்கு வந்த இயக்குநர் பிரோன்யார், கிடங்கில் தேங்கிக் கிடந்த பழைய வெள்ளைச் சரக்கை விற்றுத் தள்ளினார். அதை வாங்கி, வெளியே உள்ளவர்கள் வண்ணம் தீட்டி விற்றார்கள். மண்ணும் மெருகும் அசல், ஓவியம் இரவல். முத்திரை மட்டும் பார்ப்பவருக்கு இது எப்படிப் பிடிபடும்?

லிமோஜ் இன்னொரு குழப்பம். அது ஆலையின் பெயரல்ல, ஊரின் பெயர். டஜன் கணக்கில் ஆலைகள் இருந்த ஊர். அடியில் இரண்டு முத்திரைகள் இருந்தால் இரண்டையும் படிக்க வேண்டும். மெருகுக்கு அடியில், பெரும்பாலும் பச்சையில் இருப்பது வெள்ளைத் தட்டைச் சுட்ட ஆலையுடையது. மெருகுக்கு மேல், சிவப்பிலோ வேறு நிறத்திலோ இருப்பது வண்ணம் தீட்டிய பட்டறையுடையது. நகத்தால் வருடினால் மேலே இருப்பது லேசாகத் தட்டுப்படும். பச்சை மட்டும் இருந்து, மேலே பூ வரைந்திருந்தால், வெள்ளைத் தட்டாக ஏற்றுமதியாகி அமெரிக்காவில் யாரோ வீட்டில் உட்கார்ந்து வரைந்ததாக இருக்கலாம். ‘பிரான்ஸ்’ என்ற சொல்லை வைத்துக் காலம் கணிப்பதிலும் கவனம் வேண்டும். 1890ஆம் ஆண்டின் மெக்கின்லி சட்டம் வந்த பிறகு அமெரிக்காவுக்குப் போகும் சரக்கில் நாட்டின் பெயரை எழுத வேண்டியதாயிற்று. ஆகவே அந்தச் சொல் இருந்தால் தட்டு 1891க்குப் பிற்பட்டதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இல்லாவிட்டால் அதற்கு முற்பட்டது என்று பொருளல்ல. உள்நாட்டில் விற்ற தட்டுக்கு அந்தத் தேவையே இல்லையே.

சார்கெமீன் முத்திரைக்குப் பின்னால் ஓர் எல்லைக்கோடு இருக்கிறது. 1871இல் லொரேன் பகுதி ஜெர்மனி வசமானபோது ஆலையும் ஜெர்மனிக்குள் போய்விட்டது. பிரெஞ்சுச் சந்தையை விடக் கூடாதென்று உரிமையாளர்கள் திகுவானிலும் வித்ரி-லெ-பிரான்சுவாவிலும் புதிய ஆலைகள் கட்டினார்கள். பெயர் சார்கெமீன், சுட்ட சூளை நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால். இரண்டு ஊர்ப் பெயர்களும் சேர்ந்து வரும் முத்திரைகளின் கதை இது.

வளையம், மூன்று தழும்பு, ஓசை

முத்திரையை விட்டுவிட்டு மற்றதைப் பார்ப்போம். முதலில் அடிவளையம். நூறு ஆண்டுகள் மேசையிலும் அலமாரியிலும் இழுபட்ட வளையத்தில் தேய்மானம் ஒரே சீராக இருக்காது. ஒரு பக்கம் மழுங்கியும் ஒரு பக்கம் கூராகவும் இருக்கும், கீறல்கள் எல்லாத் திசையிலும் ஓடும், பள்ளங்களில் அழுக்கு ஏறியிருக்கும். உப்புத்தாளில் தேய்த்துப் பழசாக்கியதில் கோடுகள் ஒரே போக்கில் ஓடும். தட்டின் முகத்தில் கத்திக் கீறலே இல்லாமல் அடி மட்டும் தேய்ந்திருந்தால் இரண்டில் ஒன்று: காலமெல்லாம் அலமாரியில் நின்ற தட்டு, அல்லது யாரோ வேலை காட்டிய தட்டு.

அடுத்து விளிம்பின் பின்பக்கம். சூளைக்குள் ஃபயான்ஸ் தட்டுகளை ஒன்றோடொன்று ஒட்டாமல் வைக்க, மண்பெட்டியின் சுவரில் செருகிய முக்கோண மண்ணாணிகள் மேல் தாங்கவிடுவார்கள். மெருகு இளகும்போது அவை ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது மூன்று தழும்புகள் விழும். ஃபயான்ஸ் ஃபீனில் இதே தழும்பு சிறுத்து, மூன்று இடங்களில் ஊசிமுனைப் புள்ளிகளாக இருக்கும். புதிதாக வாங்குபவர்கள் இதைச் சேதம் என்று நினைத்து விலை குறைக்கச் சொல்வார்கள். விவரம் தெரிந்த வியாபாரி சிரித்துக்கொண்டே கொஞ்சம் குறைத்தும் கொடுப்பார்.

பிறகு ஓசை. பானை வாங்கப் போனால் சுண்டிப் பார்க்காமல் வாங்குவோமா? அதே வித்தைதான். தட்டை விரல்நுனிகளின் மேல் நடுவில் தாங்கி, விளிம்பை விரல்கணுவால் மெல்லத் தட்ட வேண்டும். போர்சலின் கணீரென்று நீளும். ஃபயான்ஸ் ஃபீன் சுருக்கமாக ஒலிக்கும். ஃபயான்ஸ் இயல்பாகவே மந்தம், அதைக் கேட்டு விரிசல் என்று முடிவுகட்டக் கூடாது. விரிசல் இருந்தால் ஓசையின் கடைசியில் ஒரு கரகரப்பு வரும். ஒரே வகையில் ஐந்தாறு தட்டுகள் இருந்தால் வரிசையாகத் தட்டிப் பாருங்கள், கெட்டது தானே தனித்துக் கேட்கும். மேலே வண்ணம் பூசி மறைத்த பழுதைக் காட்டிக்கொடுக்க 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச் போதும். இருட்டில் அடித்தால் எபாக்ஸி ஒட்டுப்பசையும் புதுப் பூச்சும் சுற்றியுள்ள மெருகிலிருந்து வேறுபட்டு வெளிறி மின்னும்.

சில தட்டுகளின் முதுகில் உலோகத் தையல் இருக்கும். ஊர் ஊராகச் சுற்றிய பீங்கான் ஒட்டுக்காரர்கள், உடைந்த துண்டுகளைச் சேர்த்துவைத்து, பாதி ஆழத்துக்கு மட்டும் துளையிட்டு, கம்பித் தையலைச் செருகி இறுக்கியவை. முன்பக்கம் துளை தெரியாது. ஒரு சாதாரணத் தட்டுக்கு இவ்வளவு பாடுபட்டிருக்கிறார்கள் என்பதைவிட அந்த வீட்டைப் பற்றி வேறென்ன சொல்ல முடியும்? தையல் போட்ட தட்டை நீரில் ஊறவைக்கக் கூடாது. கம்பி இரும்பாக இருந்தால் துரு மண்ணுக்குள் இறங்கிவிடும்.

அச்சுப் படம் போட்ட தட்டுகளை முன்பக்கமே சொல்லிக்கொடுக்கும். செப்புத் தகட்டில் செதுக்கி, உலோக ஆக்சைடும் எண்ணெயும் கலந்த மையைத் தடவி, மெல்லிய தாளில் அச்செடுத்து, மெருகு பூசாத தட்டின் மேல் அழுத்தி ஒட்டி, தாளை நீரில் கழற்றிவிடுவார்கள். எண்ணெய் போக ஒரு சூடு, மெருகு பூசி மறுசூடு. படம் மெருகுக்கு அடியில் மாட்டிக்கொள்வதால் எத்தனை தேய்த்தாலும் போகாது. விளிம்பைச் சுற்றிய பூவேலைப் பட்டையை ஒரு லென்ஸ் வைத்து முழுச்சுற்றும் பாருங்கள். எங்கோ ஓரிடத்தில் தாளின் இரு முனைகளும் சேரும், கொடி அறுந்து ஒட்டியிருக்கும். இந்தப் பிசிறு இருந்தால் நிம்மதி. படம் கோடுகளாக இல்லாமல் பத்திரிகைப் புகைப்படம் மாதிரி வண்ணப் புள்ளிகளாகக் கலைந்தால் அது பிற்காலத்து ஒட்டுப்படம்.

‘அசியெத் பர்லான்த்’, அதாவது பேசும் தட்டுகள் என்று பெயர்பெற்ற தொடர்கள் இப்படி அச்சானவைதான். பழமொழி, விடுகதை, நெப்போலியன் போர்கள், ரயில், பட்டாளத்துக் கேலி என்று ஏதாவதொரு பொருளில் பெரும்பாலும் 12 தட்டு, 1 முதல் 12 வரை எண்ணிட்டவை. சாப்பாடு முடிந்து பழமும் இனிப்பும் வரும்போது இந்தத் தட்டு வரும். தின்னத் தின்னப் படம் வெளியே வரும், பக்கத்தில் உள்ளவர் தட்டை எட்டிப் பார்த்துப் பேச்சு வளரும். முழுத் தொடரைச் சேர்க்கப் பிடிவாதம் பிடிப்பவர்களுக்கு என் பக்கத்திலிருந்து அனுதாபம் மட்டுமே. ஒரே தொடரை ஆண்டுக்கணக்கில் அச்சிட்டிருப்பதால் மையின் கருமையும் விளிம்புப் பட்டையும் மண்ணின் நிறமும் மாறிக்கொண்டே வரும். விடுபட்ட 7ஆம் எண்ணைத் தேடிப்பிடித்தாலும் பக்கத்துத் தட்டோடு ஒட்டாது. நான்கைந்து நல்லதாகச் சேர்த்தால் போதும்.

கறை

இந்த வெறியின் உண்மையான பலிபீடம் கறைதான். பழுப்பு, தேநீர் நிறம், சில சமயம் கருநீலச் சாம்பல். பலர் இதை மேலே படிந்த அழுக்கு என்று நினைக்கிறார்கள். நடப்பது வேறு. மண்ணும் மெருகும் சூட்டில் விரிவதும் சுருங்குவதும் ஒரே அளவில் இருப்பதில்லை. போதாததற்கு, நுண்துளையுள்ள மண் ஆண்டுக்கணக்கில் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்து இம்மியளவு உப்பிவிடும். மேலே உள்ள கண்ணாடி இழுவை தாளாமல் வலைபோல மயிர்வெடிப்பு விடும். அந்த வெடிப்பு வழியாகக் குழம்புக் கொழுப்பும் ஒயினும் காப்பியும் மண்ணுக்குள் இறங்கிப் பரவும். ஆக, கறை மெருகின் மேல் இல்லை, அடியில் இருக்கிறது. மேலே எதைப் போட்டுத் தேய்த்தும் பயனில்லை.

தவறு இங்கேதான் தொடங்குகிறது. வெள்ளைவெளேரென்று இருந்தால் விலை கூடும் என்பதால் தட்டைக் குளோரின் பிளீச்சில் ஊறப்போடுகிறார்கள். இரண்டு நாளில் பளிச்சென்று ஆகிவிடும். விற்றும் போய்விடும். ஆனால் பிளீச்சின் உப்பு மண்ணுக்குள்ளேயே தங்கிவிட்டது. ஈரம் ஏறும்போது கரைந்து, காயும்போது படிகமாகி, மறுபடி கரைந்து, மறுபடி படிகமாகி, ஒவ்வொரு முறையும் மெருகைக் கீழிருந்து நெம்பும். சில மாதங்களில் வெடிப்போரம் வெள்ளைப் பொடி பூக்கும், அடுத்து மெருகு செதில் செதிலாகக் கழன்று வரும். வாங்குமுன் சோதிக்க ஒரே வழி முதுகுதான். அடிவளையத்தில் மெருகில்லாத இடத்தை மூக்கருகே கொண்டுபோங்கள். நீச்சல்குள வாடை வந்தால் கீழே வைத்துவிடுங்கள். வெடிப்புகள் நிறைந்த தட்டு சந்தேகப்படும்படி வெளுத்திருந்தாலும் அதே கதி.

எடுத்தே ஆகவேண்டும் என்றால் ஹைட்ரஜன் பெராக்சைடு. அது வேலையை முடித்துவிட்டு நீரும் ஆக்சிஜனுமாகப் போய்விடும், உப்பு விடாது. 6 முதல் 12 சதவீதத் திரவம் வேண்டும். கடைக் கணக்கில் 20 முதல் 40 ‘வால்யூம்’. முடிக்குச் சாயம் போடக் கொடுக்கும் வெண்ணெய் போன்ற கிரீம் வகை ஆகாது, அதிலுள்ள பசைப்பொருள்கள் வெடிப்புக்குள் போய்க் குடியேறிவிடும். தெளிந்த திரவம் மட்டும். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடக் கூடாது.

முதல் வேலை, தட்டைக் காய்ச்சிவடித்த நீரில் ஒரு நாள் முழுக்க ஊறவைப்பது. இதைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் பெரும்பாலும் கெடுத்துக்கொள்கிறார்கள். காய்ந்த மண் திரவத்தை ஒரே மூச்சில் உறிஞ்சும், கறையையும் சேர்த்து உள்ளே இழுத்துக்கொள்ளும். ஊறிய மண்ணில் அது நடக்காது. பிறகு கறை உள்ள இடத்தில், முன்னும் பின்னும், பெராக்சைடில் நனைத்த பஞ்சைப் பரப்பி, பிளாஸ்டிக் தாளால் காற்றுப் புகாமல் ஆனால் இறுக்காமல் சுற்றி, வெதுவெதுப்பான அறையில் மூன்று நாள் வைக்க வேண்டும். அடுப்பில் வைக்கக் கூடாது. பஞ்சு பழுப்பானால் மாற்றி மறுபடி மூன்று நாள். கொழுப்புக் கறையானால் மேலே பிசுபிசுப்பாகக் கசியும், துடைத்துவிட்டுத் தொடரலாம். முடிந்ததும் மூன்று நாள் தினமும் நீர் மாற்றி ஊறவைத்து, அடிவளையம் தரையில் படாமல் மரச்சட்டத்தில் நிறுத்தி, இரண்டு வாரமாவது காயவிட வேண்டும். அவசரப்பட்டு எடுத்து வைத்தால் ஈரம் கடைசியாக வெளியேறும் ஓரத்தில் பழுப்பு வளையம் கட்டிவிடும். பொன் விளிம்பு, மெருகுக்கு மேல் தீட்டிய வண்ணம், பழைய ஒட்டு, உலோகத் தையல், துருக்கறை இவற்றில் ஒன்று இருந்தாலும் பெராக்சைடு பக்கமே போகக் கூடாது.

இவ்வளவும் சொல்லிவிட்டு என் கட்சியையும் சொல்லிவிடுகிறேன். நாற்றமடிக்காத கறையைத் தொட வேண்டியதில்லை. தேர் தெ ஃபேர் சூப்புப் பாத்திரத்தின் மூடியில் தேநீர் நிறத்தில் படர்ந்த மேகம், பக்கத்தில் ஒரு புதுத் தட்டை வைத்துப் பார்த்தால்தான் அழகென்று தெரியும். அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது கடையில் வாங்கக்கூடிய வெள்ளை.

சாப்பிடலாமா

லிமோஜ் போர்சலினின் மெருகு 1400 டிகிரி செல்சியஸை ஒட்டிச் சுட்ட பெல்ட்ஸ்பார் மெருகு, அதில் காரீயம் தேவைப்படவில்லை. ஓவியம் இல்லாத வெள்ளைப் பரப்பில் தாராளமாகச் சாப்பிடலாம். மேலே தீட்டிய வண்ணத்துக்கு அந்த உறுதி கிடையாது. ஃபயான்ஸிலும் பழைய ஃபயான்ஸ் ஃபீனிலும் மெருகே காரீயம். இன்றைய ஐரோப்பிய விதிப்படி தட்டில் 4 சதவீத அசெட்டிக் அமிலத்தை 24 மணி நேரம் நிறுத்திவைத்துச் சோதிக்கிறார்கள். தட்டையான பாத்திரத்திலிருந்து சதுர டெசிமீட்டருக்கு 0.8 மில்லிகிராமுக்கு மேலும், குழிவானதிலிருந்து லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்கு மேலும் காரீயம் கரையக் கூடாதென்பது 1984ஆம் ஆண்டு விதி. எலுமிச்சை, புளி, தக்காளி, வினிகர், ஒயின் எல்லாம் அந்த அமிலத்தின் உறவுக்காரர்கள்தான். வீட்டில் துடைத்துப் பார்க்கும் சோதனைக் குச்சிகள் மேற்பரப்பில் நிறைய இருந்தால்தான் நிறம் மாறும். மாறவில்லை என்பதால் பாதுகாப்பு என்றாகாது. ரொட்டி, ஓடு நீக்காத கொட்டைகள் போன்ற உலர்ந்தவற்றை வைக்கலாம், அல்லது மேலே கண்ணாடித் தட்டொன்றை வைத்துப் பரிமாறலாம். 19ஆம் நூற்றாண்டுச் சாப்பாட்டுத் தட்டு பெரும்பாலும் 22 முதல் 24 செ.மீ.தான் என்பதால் அடியில் இன்றைய பெரிய தட்டை வைத்தால் பொருத்தமாக உட்காரும். புடைப்பு வேலையில் தண்ணீர்விட்டான் தண்டும் இலையும் வைத்து, பச்சையும் ஊதாவுமாக மின்னும் பார்போத்தின் தட்டுகளைச் சுவருக்கே விட்டுவிடுங்கள்.

ஆணி

மாட்டும் விஷயத்துக்கு வருவோம். கடையில் முதலில் கொடுப்பது நான்கு கொக்கியும் இரு சுருள்கம்பியும் உள்ள மாட்டி. அரைக் கிலோ எடையுள்ள ஃபயான்ஸ் தட்டின் மொத்த இழுவையும் விளிம்பில் நான்கு புள்ளிகளில் விழும். ஏற்கெனவே மெருகு பலவீனமான இடம் அது. சின்ன அளவை வாங்கி இழுத்து மாட்டினால் இரவோடு இரவாக விரிசல் நீளும். தட்டின் விட்டத்தை அளந்து, சுருள் லேசாக மட்டும் இழுபடும் அளவை வாங்க வேண்டும். கொக்கிகளில் மெல்லிய பிளாஸ்டிக் குழாய் செருகினால் உலோகம் மெருகில் படாது, துருவும் இறங்காது. இன்னொரு வகை, ஈரப்படுத்தி முதுகில் ஒட்டும் வட்டு. முன்பக்கம் எதுவும் தெரியாது என்பதால் எல்லோருக்கும் பிடிக்கும். வழுவழுப்பான போர்சலினுக்கு அது நல்லதுதான். முதுகில் மயிர்வெடிப்பு இருந்தால் வேண்டவே வேண்டாம். பசை வெடிப்புக்குள் இறங்கும், கழற்றும்போது மெருகுச் செதிலையும் பிடுங்கிக்கொண்டு வரும். சேதம் முதுகில்தானே என்று ஆறுதல் சொல்வார்கள். அங்கேதான் எல்லாமே எழுதியிருக்கிறது.

சில தட்டுகள் தாமே வழி வைத்திருக்கும். அடிவளையத்தில் கயிறு கோக்க இரண்டு துளைகள், கெம்பேர் தட்டுகளில் சகஜம். துளைக்குள் மெருகு வழிந்திருந்தால் சுடுவதற்கு முன்பே போட்டது, அதாவது பிறக்கும்போதே சுவருக்கென்று பிறந்த தட்டு. உள்ளே மெருகில்லாமல் மண் தெரிந்தால் பிற்பாடு யாரோ துளைத்தது. அடுக்களைத் தட்டு எந்தத் தலைமுறையில் கூடத்துக்கு வந்தது என்பதற்கு அதுவே சாட்சி.

அடுக்கும்போது நேர்வரிசை வேண்டாம். 1866இல் ஓவியர் பிராக்மோன், வணிகர் ரூசோவுக்காக ஒரு தட்டு வரிசை வடிவமைத்தார். ஜப்பானிய ஓவியர் ஹோகுசாயின் சித்திரங்களிலிருந்து கோழி, மீன், பூச்சி, செடி எல்லாம் எடுத்துத் தகட்டில் செதுக்கி, அச்சிட்ட தாளைத் துண்டு துண்டாக வெட்டித் தட்டின் மேல் நடுவில் வைக்காமல் ஓரமாக ஒதுக்கி ஒட்டச் செய்தார். கிரேய்-மோந்தரோ ஆலை அதைச் சுட்டது. நடுவை வெற்றாக விட்ட அந்தத் துணிச்சல் சுவருக்கும் பொருந்தும். தட்டுகளின் அளவுக்குச் செய்தித்தாளை வெட்டி, முதலில் பெரியதை மையத்திலிருந்து சற்றுத் தள்ளி, தரையிலிருந்து 145 செ.மீ. உயரத்தில் ஒட்டுங்கள். மற்றவை அதைச் சுற்றி 4 முதல் 6 செ.மீ. இடைவெளியில். இரண்டு நாள் தாளாகவே விட்டுப் பார்த்துப் பிடித்தால் ஆணி. அடுப்புக்கு மேலே மட்டும் கூடாது. எண்ணெய்ப் புகை வெடிப்புக்குள் போய், நூறாண்டுக் கறையை ஓராண்டில் போட்டுவிடும்.

மாட்டுவதற்கு முன் ஒரு படம், நல்ல வெளிச்சத்தில், முதுகுக்கு. முத்திரை, வளையம், தழும்பு மூன்றும் தெரிகிற மாதிரி. அதன் மேல் விட்டமும் எடையும் வாங்கிய இடமும் எழுதி, சுவரில் உள்ள வரிசைப்படி ஒரு நோட்டில். தட்டின் மேல் எதையும் ஒட்ட வேண்டாம். ஆண்டுக்கு ஒருமுறை எல்லாவற்றையும் இறக்கி, தொட்டிக்குள் துண்டு விரித்து, ஒவ்வொன்றாக, வெதுவெதுப்பான நீரில் கழுவ வேண்டும். இறக்கும்போதே மாட்டியின் சுருள் தளர்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். காய்ந்த பிறகு விரல்நுனியில் தாங்கி ஒருமுறை தட்டிப் பாருங்கள். போன ஆண்டு கேட்ட ஓசையே கேட்டால் பழைய இடத்தில் மாட்டலாம். கரகரத்தால் அந்த ஆணி காலியாகவே இருக்கட்டும், தட்டு அலமாரியில் படுத்துக்கொள்ளட்டும்.